உன் ஆளு வந்தானா

ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒருவனுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவன் ஆஸ்திரேலியாவில் ஒரு மாநில அணிக்கு முதலில் இறங்கும் பேட்ஸ்மேன். நான் பீர்க்கன்கரணையிலிருந்து சைக்கிள் மிதித்துத் தாம்பரம் வந்து, நான்காம் டிவிஷன் லீக்கில் முதலில் இறங்கும் பேட்ஸ்மேன். நடுவே ஒரு சமுத்திரம் இருந்தது. ஆனால் இருவரும் இடதுகைக்காரர்கள், பிறந்த மாதமும் வருடமும் ஒன்று. ஒருவன் பைத்தியமாவதற்கு இவ்வளவு போதும்.

தாம்பரம் மார்க்கெட் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில்தான் அவனை முதலில் பார்த்தேன். முதல் சீசனிலேயே மூன்று சதம் அடித்தவன் என்று அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள். படத்தில் அவன் ஆடவில்லை. காலில் பேடு கட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து, கையுறையின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். அடுத்து இறங்கப் போகிறவனின் முகம் அது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தவறாமல் வந்து நிற்கும் முகம்.

என் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தவன் இல்லை, கவலைப்படுகிறவன். இரண்டும் வேறு என்று இன்றைக்கும் வாதாடுவேன். ரயிலில் ஏறினால் சீசன் டிக்கெட்டை ஸ்டேஷனுக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து ஒருமுறை பெருங்களத்தூர் ஸ்டேஷனிலிருந்து திரும்பி ஓடினேன். வீட்டுக்குள் அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பூட்டியிருந்தால்தான் தப்பு என்பது அப்போதுதான் உறைத்தது.

அவனுடைய ஸ்கோர்களைத் தெரிந்துகொள்வது லேசான காரியம் இல்லை. அந்த நாட்டு அணி ஆடினால் இங்கே செய்தி வரும். மாநிலங்கள் தங்களுக்குள் ஆடும் நான்கு நாள் ஆட்டத்தை இங்கே யார் சீண்டுவார்கள்? ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில், கீழ் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி நான்கு வரி வரும். அதில் அவன் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். சில நாள் எண் மட்டும் அச்சில் அழிந்திருக்கும். அது எழுபதா பத்தா என்று தெரியாமல் நான் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்த நாட்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தேன். என் ஸ்கோர்களுக்கு அப்படி ஒரு நோட்டு கிடையாது.

பேப்பரில் வராததை ரேடியோவில் கேட்கலாம் என்று கண்டுபிடித்தவன் என் கூட்டாளி. என்னோடு முதலில் இறங்கும் இன்னொருவன், வலதுகைக்காரன். மேற்குத் தாம்பரத்தில் அவன் அத்தா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ரிப்பேர் முடிந்து ஆள் வராமல் கிடக்கும் டிரான்சிஸ்டர்களில் ஒன்றை எடுத்து, சிற்றலையில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே ஆஸ்திரேலியாக்காரனின் குரலைப் பிடித்துக் கொடுப்பான். அவனுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு துளி அக்கறையும் இல்லை. எனக்காகச் செய்தான். அவனைப் பொறுத்தவரை அந்த ஆஸ்திரேலியாக்காரன் பெயரே "உன் ஆளு" என்பதுதான்.

என் ஆள் முதல் வருடம் ரன்னைக் கொட்டிவிட்டு இரண்டாம் வருடம் காய்ந்துபோனான். எட்டு, பூஜ்யம், பதினான்கு. எனக்கும் அந்த வருடம் ஒன்றும் தேறவில்லை. மூன்றாம் வருடம் அவனுக்கு விரல் முறிந்தது. நான் பல்லாவரத்தில் ஒரு கேட்சுக்குத் தாவி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. அவனுக்கு நடப்பதுதான் எனக்கும் நடக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். நாட்டு அணிக்கு அவனை எடுக்கிற அன்று எனக்கும் விடிந்துவிடும். கூட்டாளி சிரிப்பான்.

"அவன் அங்க டக் அடிச்சா உனக்கு இங்க இன்னாத்துக்கு மச்சான் ஜுரம் வருது?" என்று கேட்டான் ஒருநாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் நிஜமாகவே சுட்டது.

விடிய வேண்டிய அவசரம் எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். ரிடையர் ஆக எட்டு மாதம். எனக்கு வேலை இல்லை, கணக்கில் சேர்க்கிற மாதிரியான படிப்பும் இல்லை. கிரிக்கெட் ஒன்றுதான் கையில் இருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுக்கிற கம்பெனிகளிலும் வயது வரம்பு உண்டு, எனக்கு அது அந்த வருடத்தோடு தீர்ந்தது. அப்பா வாயைத் திறந்து எதுவும் கேட்க மாட்டார். பேப்பரின் வேலை வாய்ப்புப் பக்கத்தை நாலாக மடித்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவார். திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

மார்ச் மாதக் கடைசியில், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தன் அணிக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. ஒரு வேகப்பந்து வீச்சாளன், ஒரு பேட்ஸ்மேன். இரண்டே இடம். நானும் கூட்டாளியும் மனு போட்டோம். அவனுக்கும் அந்த இடம் வேண்டும். கடையில் உட்கார்ந்து ஈயப் புகையை மூக்கில் ஏற்றிக்கொண்டு அத்தாவைப் போல் கண் போய்ச் சாக மாட்டேன் என்று அவன் பல தடவை சொல்லியிருக்கிறான். ஒரே இடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போட்டி என்பதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. பேசாமல் இருந்ததாலேயே எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் போயிற்று.

தேர்வு ஆட்டத்தன்று காலை பேப்பரில் இன்னொரு செய்தி. இங்கிலாந்து போகும் ஆஸ்திரேலிய அணியை அன்றைக்கு அறிவிக்கப் போகிறார்கள். என் ஆள் அந்த சீசனில் அவன் மாநிலத்துக்கே அதிக ரன் எடுத்திருந்தான், அவன் பெயரும் பேச்சில் அடிபடுவதாகப் போட்டிருந்தது. இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்ததைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன். தாம்பரத்திலேயே ரயில் ஏறி வந்த கூட்டாளி, பெருங்களத்தூரில் நான் ஏறியதும் தன் கிட் பையைத் திறந்து காட்டினான். உள்ளே பேடுக்கும் பேட்டுக்கும் நடுவே துண்டில் சுற்றி ஒரு டிரான்சிஸ்டர். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்தது. அத்தாவுக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறான்.

"மத்தியானம் சொல்லுவாங்க இல்ல, நீ கேக்காம இருப்பியா?" என்றான்.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கியதும் அம்மாவின் உத்தரவுப்படி நரசிம்மரைப் பார்க்கப் போனேன். அது குகைக் கோவில். சாமியைச் சுற்றி வர வேண்டுமானால் குன்றையே சுற்றி வர வேண்டும். இரண்டு பேரின் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டாளி வெளியே வெயிலில் நின்றான். நான் குன்றைச் சுற்றும்போது ஒரு வேண்டுதலுக்கு இரண்டு வேண்டுதலாகப் போட்டேன், எனக்கு ஒன்று, ஆஸ்திரேலியாக்காரனுக்கு ஒன்று. வெளியே நிற்கிறவனுக்கு ஒன்று போட வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. திரும்பி வந்து பையை வாங்கிக்கொண்டேன்.

மைதானம் சின்னது. செம்மண் தரை, நடுவே கயிற்றுப் பாய் விரித்த பிட்ச். ஷாமியானாவின் கீழ் கம்பெனி அதிகாரிகள் நான்கு பேர். வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து முப்பது ஓவர் ஆட்டம் வைத்தார்கள். எங்கள் இருவரையும் ஒரே அணியில் போட்டு, வழக்கம்போல முதலில் இறங்கச் சொன்னார்கள். நான் அன்றைக்கு நன்றாகத்தான் ஆடினேன். நாற்பத்து நான்கில் ஒரு மோசமான பந்தைத் தூக்கி அடித்துக் கேட்ச் கொடுத்தேன். திரும்பி நடக்கும்போதே கூட்டாளியின் ஸ்கோரைப் பார்த்தேன். இருபத்தொன்பது. இன்னும் பன்னிரண்டு ஓவர் இருந்தது.

எங்கள் மட்டத்து ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. முழு அம்பயர் ஒருவர்தான் வருவார். அவர் பந்து போடும் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். எதிர்ப்பக்கத்துக் கோட்டைப் பார்க்கும் ஸ்கொயர் லெக் அம்பயராக, ஆடுகிற அணியில் அவுட் ஆகி வந்தவன் எவனாவது போய் நிற்க வேண்டும். தன் அணிக்காரனுக்கே தீர்ப்புச் சொல்லும் வேலை. யாருக்கும் பிடிக்காத வேலை. நான் பேடைக் கழற்றி முடிப்பதற்குள் ஸ்கோர் எழுதுகிறவர் என்னைக் கைகாட்டினார். வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

நான் நின்ற பக்கத்து எல்லைக் கயிற்றின் அருகில்தான் எங்கள் பைகள் கிடந்தன. கூட்டாளி இறங்கும்போதே ரேடியோவின் முள்ளைச் சரியான இடத்தில் வைத்து, அடுத்து ஆடப் போகிறவனிடம் எத்தனை மணிக்கு எவ்வளவு சத்தம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். திடீரென்று இரைச்சல் பெரிதாகக் கேட்டது. பிறகு அந்தக் குரல். அணியின் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் ஆளின் பெயர் அந்த வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில் வரும். காற்று அடித்தால் குரல் போகும், நின்றால் வரும். நான் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். நகர்வது எனக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

அந்த நேரத்தில் கூட்டாளி ஒரு பந்தைக் கவர் பக்கம் தள்ளிவிட்டு ஓடினான். ஒரு ரன் முடிந்து இரண்டாவதற்குத் திரும்பினார்கள். ரேடியோவில் இன்னும் மூன்று நான்கு பெயர்கள்தான் பாக்கி இருக்க வேண்டும். நான் காதைக் கொடுத்தேன். காதைக் கொடுத்தால் கண்ணும் கூடவே போய்விடும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். ஸ்டம்பு சரியும் சத்தமும் பத்துப் பேர் ஒரே குரலில் அவுட் கேட்கும் சத்தமும் ஒன்றாக வந்தன. நான் திரும்பியபோது ஸ்டம்பு மேல் இருக்கும் பெயில்கள் தரையில் கிடந்தன. கூட்டாளி கோட்டைத் தாண்டி ஓடி நின்றுகொண்டிருந்தான். அவன் பேட் எப்போது கோட்டுக்குள் வந்தது, பெயில் எப்போது விழுந்தது, எதையும் நான் பார்க்கவில்லை.

பார்க்காவிட்டால் அவுட் இல்லை. சந்தேகம் இருந்தாலே அவுட் இல்லை. தெருவில் டென்னிஸ் பந்து ஆடுகிற பிள்ளைக்கும் அந்த விதி தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என் கை மேலே போயிற்று. யாரோ தூக்கிவிட்ட மாதிரி என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் தூக்கவில்லை. அது என் கை. எனக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது, மடித்த பேப்பர் இனி என் தட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று இருந்தது. அதெல்லாம் அந்த அரை நொடியில் என் மனதில் ஓடியதா என்றால் சத்தியமாகத் தெரியாது. ஓடவில்லை என்று சத்தியம் செய்யவும் வராது.

கூட்டாளி கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்தான். பைகள் கிடந்த இடத்துக்கு என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்தில் வந்ததும் கேட்டான்.

"உன் ஆளு வந்தானா மச்சான்?"

என் ஆளின் பெயர் இல்லாமலே பட்டியல் முடிந்து, ரேடியோவில் வேறு ஏதோ செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வரவில்லை என்று தலையை ஆட்டினேன். "விடு, அடுத்த தபா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு முப்பத்தெட்டு. தன் விக்கெட் போன நேரத்திலும் என் ஆளைப் பற்றிக் கேட்கிறானே என்று இருந்தது. அவன் நல்ல மனதை நினைத்து நினைத்து அன்று ரயிலில் அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. எனக்குத்தான். என் ஆள் தேர்வாகாமலேயே எனக்கு விடிந்துவிட்டது. அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வேலை வாய்ப்புப் பக்கத்தை மடிப்பது அதோடு நின்றது. கூட்டாளி வீட்டுக்கு வந்து கையைக் குலுக்கினான். அடுத்த சீசனில் லீக்குக்கு வரவில்லை. கலர் டிவி நிறைய ரிப்பேருக்கு வருகிறது, அத்தாவுக்குக் கண் முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்க வேண்டும் என்றான். காரணங்கள் எல்லாம் நியாயமாகவே இருந்தன.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள் கம்பெனி அலமாரியில் அந்த ஆட்டத்தின் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ரன் அவுட் என்றால் பந்து வீசியவன் பெயர் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அவன் வரியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அங்கே யார் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். புத்தகத்தை மூடி, அது முன்பு இருந்த மாதிரியே இருக்கிறதா என்று மூன்று தடவை சரிபார்த்துவிட்டு வந்தேன். மேற்குத் தாம்பரத்தில் வேலை இருந்தாலும் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கிச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினேன். அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று, வேலை முடிந்து திரும்பும் ரயிலில், கூடுவாஞ்சேரியில் வாக்கியங்களைச் சேர்ப்பேன். வண்டலூர் வந்தால் எல்லாம் உதிர்ந்துவிடும்.

என் ஆளை மட்டும் விடவில்லை. வருடா வருடம் நோட்டில் ஏறினான். ஒரு சீசனில் தொடர்ந்து மூன்று சதம். ஒரு சீசனில் மாநில அணிக்குத் தலைவன். நாட்டு அணியில் யாருக்காவது காயம் என்றால் எனக்கு இங்கே படபடக்கும், இந்த முறை கூப்பிட்டுவிடுவார்கள் என்று. கூப்பிடுவது எப்போதும் வேறு யாரையாவது. அவனைவிட நான்கு வயது சின்னப் பையன்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். பிறகு மெதுவாக எண்கள் சிறுத்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, அதே கீழ் மூலையில், அதே எறும்பு எழுத்தில், அவன் ஓய்வு பெற்றதாக இரண்டு வரி. ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இதைச் சொல்லி அழ உலகத்தில் எனக்கு ஒரே ஓர் ஆள்தான் உண்டு.

மேற்குப் பக்கம் இறங்கினேன். கடை பெரிதாகியிருந்தது. கூட்டாளி அத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டிவியின் முதுகைத் திறந்து வைத்திருந்தான். கண்ணாடி போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைக் காலால் நகர்த்திப் போட்டான், நேற்று வந்தவனுக்குப் போடுகிற மாதிரி. பேப்பரை நீட்டினேன். படித்தான்.

"பாவம்டா, ஒரே ஒரு மேட்ச் ஆட விட்டிருக்கலாம்" என்றேன்.

"இவனை யாரு வேணாம்னு சொன்னதுன்னு இவனுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? கமிட்டி உள்ளே உக்காந்து பேசறதுதானே."

"அப்ப என்னைவிட இவன் தேவல" என்றான். பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்தான்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை வருடமாகக் கூடுவாஞ்சேரியில் சேர்த்துவைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கடைசியில், அன்றைக்கு நீ கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டாயா என்றுதான் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும் மச்சான்? உயிரைக் கையில புடிச்சிகினு ஓடியாரவனுக்குக் கோடா தெரியும்? அதப் பாக்கத்தான் உன்னை அங்க நிக்க வெச்சாங்க. ரெண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போதே பாத்தேன், நீ ரேடியோ பக்கம் பாத்துகினு நின்ன."

அன்றைக்கே அதை அம்பயரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவர்கிட்ட இன்னா சொல்றது? ரேடியோவைக் கொண்டாந்து வெச்சவன் நானு. உன்கிட்டதான் கேட்டேனே, உன் ஆளு வந்தானான்னு."

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். டீ சொல்லிவிட்டு வருகிறேன், கடையைப் பார்த்துக்கொள் என்று சொல்லித் தெருவைக் கடந்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அலமாரியின் மேல்தட்டில், புதுச் செட்டுகளுக்கு நடுவே, அந்தப் பழைய டிரான்சிஸ்டர் இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தவர் திரும்பி வரவே இல்லை போலிருக்கிறது. தூசி துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தான். கை எட்டும் தூரம்தான். அதைத் திருகிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவன் இரண்டு கிளாஸ் டீயோடு திரும்பி வரும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.